வேப்பிலை கட்டிய வாசலில் கொக்கிஸ்

அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் சித்திரை வருஷப் பிறப்பும் ஒரே கிழமைக்குள் வந்தன. எங்கள் மூவருக்கும் அது போதுமான காரணமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து உயர்தரம் படித்தவர்கள் நாங்கள். ஒருத்தி கிண்ணியாவில் இருக்கிறாள், கலியாண வீடுகளுக்கு மருதோன்றி போடுகிறாள். மற்றவள் கட்டைபறிச்சானில் இருக்கிறாள். நான் லிங்கநகரில் இருக்கிறேன், நாலு வயது மகளோடும் ஆயிரம் பயங்களோடும். வருஷத்துக்கு முதல்நாள் என் வீட்டில் கூடுவது, பலகாரம் சுடுவது, தோரணம் பின்னுவது, முகத்துக்குப் பூசுவது, கைக்கு மருதோன்றி போடுவது என்று முடிவாகியது.

இதற்கு முன்னும் ஒன்றுகூட முடிவெடுத்திருந்தோம். ஒருமுறை மகளுக்குத் தடிமன், இன்னொருமுறை தெருவில் டெங்கு என்று கதை. இரண்டு முறையும் கடைசி நேரத்தில் மறித்தது நான்தான். அதனால் கிண்ணியாக்காரி குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"இந்த முறையும் ஒனக்கு ஏலாதெண்டு சொன்னியெண்டா, குறூப்பில இருந்து ஒன்ன எடுத்துருவன் புள்ள. பொறகு நானும் அவளும் மட்டும்தான் கதைப்பம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பதிவை நான் பலமுறை போட்டுக் கேட்டேன். சிரிப்புக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

கட்டைபறிச்சான்காரிக்கு அப்போது ஏழாம் மாதம். கலியாணமாகிப் பல வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை. முதல் மாதங்கள் முழுக்க டொக்டர் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. இப்போதுதான் மெல்லப் பயணம் செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். "பிள்ளை பிறந்தா பிறகு எங்கயடி நேரம்? இப்பவே ஒருக்கா மூண்டு பேரும் இருந்து சிரிப்பம்" என்று அவள் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை. உண்மையில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு கிழமையாக வீட்டைத் தலைகீழாக்கினேன். யன்னல் சீலை தோய்த்தேன். கதிரைகளை வெளியே போட்டுக் கழுவினேன். பயறு வறுத்தேன், அரிசிமா வறுத்தேன். பெருநாளுக்குக் கிண்ணியாவுக்குப் போனபோது அவள் தந்துவிட்ட மருதோன்றிக் கூம்புகளை முன்னறைக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைத் தட்டின் அருகே பத்திரமாக வைத்தேன். அவர்கள் வருவதற்கு முதல்நாள் மாலை நான் குசினியில் மா வறுத்துக்கொண்டிருந்த நேரம் முழுதும் மகள் சத்தமே போடவில்லை. இன்றைக்கு என் நல்ல காலம் என்று நினைத்தேன். நான் அறைக்குப் போனபோது அவள் தலையணையில் முகம் புதைத்து நித்திரை. நுளம்புக்காக நான் போட்டுவிட்ட நீளக்கைச் சட்டையோடேயே கிடந்தாள்.

விடியற்காலை அவளை எழுப்பினேன். கன்னத்தில் ஒரு சிவந்த புள்ளி.

சட்டைக் கையை உயர்த்தினேன். புள்ளிகள். வயிற்றைப் பார்த்தேன். அங்கேயும் புள்ளிகள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சித்திரைப் புழுக்கத்தில் யாருடைய நெற்றி சுடாது என்று இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை. வெப்பமானி காய்ச்சல் இல்லை என்று காட்டியது. அதன் பற்றரி முடிந்துவிட்டது என்று முடிவுசெய்தேன்.

துறைமுகத்தில் காலை வேலைக்குப் போயிருந்த கணவருக்கு அழைத்தேன். "பின்னேரம் டிஸ்பென்சரி திறந்தாப் பிறகு காட்டுவம், பதறாத" என்றார். நான் ஏற்கெனவே மதிலடியில் நின்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றே எட்டிப் பார்த்தா.

"அம்மாள் தான் பிள்ளை. இந்த வெயிலுக்கு எல்லா இடமும் வந்திருக்காம். குளிக்க வார்க்காத. உடம்பைத் துடைக்கவும் வேண்டாம். சீப்பால தலை இழுக்காத. எண்ணெய்ச் சட்டி அடுப்பில ஏத்தாத, தெரியுமோ? முதல் வாசல்ல இதைக் கட்டு" என்று தன் மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை முறித்து மதிலுக்கு மேலால் தந்தா.

அம்மை கண்டு வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாட்கள் வரமாட்டார்கள். அந்த வீட்டில் பொரிக்கவும் மாட்டார்கள். என் கையில் கொத்து இருந்தது, குசினியில் கொக்கிஸ் பலகாரத்துக்குக் கரைக்க வேண்டிய மா இருந்தது. அழுகை வந்தது.

ஆனால் அழுகையை விடப் பெரிய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மாள் வருத்தம் வந்தபோது தனக்கு வரவேயில்லை என்று பெருமை பேசித் திரிந்தவள் கட்டைபறிச்சான்காரி. இன்றுவரை அவளுக்கு வந்ததில்லை. கர்ப்பமாக இருக்கும்போது இது தொற்றினால் என்ன நடக்கும் என்று நான் படித்திருக்கிறேன். தேவையில்லாததையெல்லாம் படித்து வைத்திருப்பவள் நான். கூட்டம் குழம்பினால் குழம்பட்டும், அவளை என் வாசற்படி மிதிக்க விடக்கூடாது.

அழைத்தேன். அவளுடைய தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. கிண்ணியாக்காரிக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பியது போய்ச் சேரவேயில்லை. வேப்பிலையைக் கேற்றில் கட்டிவிட்டு, மகளை யன்னலடிக் கட்டிலில் இருத்திவிட்டு, முற்றத்தில் காவல் நின்றேன்.

ஓட்டோ வந்து நின்றது. கிண்ணியாக்காரி ஒரு கையில் தயிர்ச் சட்டியோடும் மறு கையில் குருத்தோலைக் கட்டோடும் இறங்கினாள். பின்னால் மற்றவள் மடியில் கொக்கிஸ் அச்சுகளை வைத்துக்கொண்டு இறங்கக் காலை நீட்டினாள்.

"இறங்காத! இறங்காதையடி! அங்கேயே இரு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரர் இன்னும் இரண்டு முழம் முன்னுக்கு எடுத்துவிட்டார்.

கிண்ணியாக்காரி வேப்பிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்ன புள்ள இது? வரவேணாமெண்டு சொல்லுறதுக்கு இப்ப இப்புடியும் ஒரு வழி கண்டுபுடிச்சிரிக்கியா?"

"சத்தியமாடி. பிள்ளைக்கு அம்மாள் போட்டிருக்கு. போன் எடுத்தனான், நீங்கள் ரெண்டு பேரும் எடுக்கேல்ல."

"கிண்ணியாப் பாலத்துக் காத்தில என்னத்தக் கேக்கிற?" என்றாள். அவள் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "எனக்குச் சின்னனிலேயே வந்து போன வருத்தம். நான் வந்தாப் பறவாயில்ல. அவ ஓட்டோலயே இரிக்கட்டும். புள்ளயக் காட்டு."

கேற்றுக்குள் வந்து, யன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, மகளைக் கையைக் காட்டச் சொன்னாள். மகள் இடது கையைக் காட்டினாள். கிண்ணியாக்காரி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மத்தக் கையையும் காட்டுங்க மகள்."

வலது கை சுத்தமாக இருந்தது.

"திரும்புங்க. முதுகக் காட்டுங்க."

முதுகில் ஒன்றுமில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் புள்ள, உயர்தரத்தில உயிரியல் படிச்ச நீ சொல்லு. கை எட்டின இடத்துக்கு மட்டும் வாற வருத்தம் என்ன வருத்தம்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் மகளின் கையைப் பிடித்து மணந்து பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ புள்ள! இது எனக்கிட்ட வாங்கின மருதோன்றி! என்ட சாமானே எனக்குத் தெரியாமப் போகுமா?"

"கூம்பை எடுத்தனீங்களா?" என்று மகளைக் கேட்டேன். அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டு, நசுங்கிய கூம்பை எடுத்து நீட்டினாள்.

"பூ போட்டனான் அம்மா. பூ வரேல்ல. பொட்டுத்தான் வந்தது."

காலையில் படுக்கையில் தட்டிவிட்ட துகள்களை நான் பிஸ்கட் தூள் என்று நினைத்திருந்தேன். குளிக்க வார்த்திருந்தால், ஒரு துணியால் துடைத்திருந்தால், அந்தப் புள்ளிகள் தோலில் ஏறிய சாயம் என்று தொட்ட விரலுக்கே தெரிந்திருக்கும். கூடாது என்றதால் நான் தொடவேயில்லை.

ஓட்டோவுக்குள் இருந்து சத்தம் வந்தது. "அம்மாள் இந்த முறை உங்கட வீட்டுப் பிள்ளையில பாதியோட நிண்டிட்டாவோ? நான் இறங்கலாமோ இல்லையோ?"

"இறங்காத!" என்றேன் மறுபடியும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "மருதோன்றிப் பொட்டுகளுக்கு நடுவில உண்மையா ஒண்டு இருந்தா? டொக்டர் பார்க்கட்டுமே. பின்னேரம் வரைக்கும்..."

"ஓம் ஓம். அம்மாள் மருதோன்றிக்குள்ள ஒளிச்சு விளையாடுறா" என்று சொல்லிக்கொண்டே கிண்ணியாக்காரி ஒவ்வொரு புள்ளியாக விரலால் தடவிக் காட்டினாள். ஒன்றும் தடிக்கவில்லை, ஒன்றும் கொப்புளிக்கவில்லை. வெப்பமானியைக் கேட்டு வாங்கித் தன் வாயில் வைத்தாள், மகளுக்கு வைத்தாள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அப்போதும் நான் கேற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

கட்டைபறிச்சான்காரி மெல்ல இறங்கி என் எதிரே வந்து நின்றாள். வயிறு எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது.

"இஞ்ச பார். இவ்வளவு மாசமும் பயந்து பயந்து கட்டில்ல கிடந்தனான். என்ர பயத்தைச் சுமக்கிறதே பெரும்பாடு. உன்ரதையும் சேர்த்துச் சுமக்க என்னால ஏலாது. பிள்ளைக்கு ஒண்டுமில்லையெண்டு உனக்கே தெரியுது. தெரியுதோ இல்லையோ?"

தெரிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒன்று தெரிந்ததேயில்லை.

"தெரியுது."

"அப்ப வழியை விடு. எனக்குப் பசிக்குது."

விட்டேன். அவள் உள்ளே போன கையோடு கதிரையில் இருந்து, மகளை இழுத்து இருந்த கொஞ்ச மடியில் ஏற்றிக்கொண்டாள். பிறகு வீடு முழுதும் சத்தமாகிவிட்டது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது! தேங்காய்ப் பாலில் அரிசிமாவைக் கரைத்தேன். மஞ்சள் கூடிவிட்டதோ என்று கேட்டேன். "கூடினாக் கூடட்டும்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எண்ணெய்ச் சட்டி ஏறியது. அச்சை எண்ணெயில் சூடாக்கி, மாவில் பாதி தோய்த்து, திரும்ப எண்ணெயில் பிடித்தால் கொக்கிஸ் கழன்று பூவாய் மிதக்க வேண்டும். முதலாவது கழலவே இல்லை, அச்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கருகியது. இரண்டாவது பாதியாய் விழுந்தது. மூன்றாவது கழன்று மிதந்தபோது நாங்கள் மூவரும் கூவிய கூவலில் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது.

"ஐயோ பிள்ளை! எண்ணெய் மணக்குது! அம்மாள் வீட்டில என்ன வேலை பார்க்கிறாய்?"

"அம்மாள் இல்ல அக்கா, மருதோன்றி!"

அக்காவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தலை மறைந்தது. பிறகு முறுக்கு மாவும் உரலுமாக வாசலால் வந்தா. வரும் வழியில் வேப்பிலையைத் தானே அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, எங்கள் சாமிப்படத்தடியில் வைத்தா. "தெரியாமச் செய்தது, அம்மாள் கோவிக்க மாட்டா" என்று எனக்கும் சேர்த்துச் சொன்னா. அதன்பிறகுதான் எனக்கு முழுதாக மூச்சு வந்தது.

கட்டைபறிச்சான்காரி கதிரையில் சாய்ந்திருந்தபடி குருத்தோலையைக் கிழித்து மடித்துக் குருவி செய்தாள். மகள் ஒவ்வொரு குருவியையும் கொண்டுபோய்த் தோரணக் கயிற்றுக்குக் கீழே வரிசையாக அடுக்கினாள். கிண்ணியாத் தயிரில் பாதியைக் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம், மீதியில் கடலைமாவும் மஞ்சளும் குழைத்து முகத்தில் பூசினோம். முகம் காய்ந்து இறுகியதால் சிரிக்க முடியவில்லை. சிரிக்கக் கூடாது என்றதும் எதைப் பார்த்தாலும் சிரிப்பு. அக்கா முறுக்குப் பிழிந்துகொண்டே, "மூண்டு பேயளுக்கு நடுவில ஒரு புள்ளி மான்" என்று மகளைக் காட்டினா. மகளுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது, வீடு முழுதும் துள்ளினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு மருதோன்றி. கிண்ணியாக்காரி முதலில் மகளின் இடது கையை எடுத்தாள். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் சுற்றி இதழ் போட்டாள். கை முழுக்கப் பூத்தது. மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் போட்டாள். நாங்கள் கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு பொம்மைகள் போல இருந்தோம். பசித்தபோது அவள்தான் கொக்கிசை உடைத்து எங்கள் வாயில் வைத்தாள்.

அப்போது கட்டைபறிச்சான்காரி என்னைப் பார்க்காமல், தன் கையில் காயும் பூக்களைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளை பிறக்கேக்க நீ வந்து நிப்பியாடி? அம்மா தங்கச்சியோட கனடாவில. இவர் ரத்தத்தைக் கண்டா விழுந்திடுவார். எனக்கு ஆரும் பக்கத்தில வேணும்."

என்னையா என்று கேட்க வாய் வந்தது. கிண்ணியாக்காரி தைரியசாலி. பக்கத்து வீட்டு அக்கா மூன்று பெற்றவ. காலையில் ஒரு கூம்பு மருதோன்றிக்கு வீட்டையே பூட்டியவள் நான்.

"ஓம்" என்றேன். "நான் வாறன். எந்த ஆஸ்பத்திரி? இஞ்ச பெரியாஸ்பத்திரியா, மூதூரா? மூதூரெண்டா ராத்திரியில வாகனம் என்ன செய்யிறது? முன்கூட்டியே இஞ்ச வந்து என்னோட நில்லு. கிளினிக் கொப்பியைக் கையோட வைச்சிருக்கிறியா? உனக்கு என்ன இரத்த வகை? ஒருக்காலும் அம்மாள் வரேல்லையெண்டு டொக்டருக்குச் சொன்னனியா?"

"தொடங்கிட்டாள்" என்றாள் கிண்ணியாக்காரி.

"தொடங்கட்டும்" என்றாள் மற்றவள், வாயில் கொக்கிசோடு. "இதுக்குத்தான் இவளைக் கேட்டனான். அடுத்ததைக் கேள் நீ."