இரும்பு படாத மரம்

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மஸ்தூரா சித்தி ரம்பத்தைத் துடைப்பாள். மேலங்கிப் பையில் மருந்துக்கடைச் சீசா ஒன்று இருக்கும், அதில் வோட்கா. மூடியைப் பல்லால் திருகி, பழைய தலைத்துணிக் கிழிசலில் கொஞ்சம் ஊற்றி, பிடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு மறுபக்கம். துணியை முகர்ந்து முகத்தைச் சுளித்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் அடுத்த கிளை.

"எங்க வீட்டுக்காரரைவிட உங்க ரம்பம் ஜாஸ்தி குடிக்குதே சித்தி" என்று தெருப் பெண்கள் சிரிப்பார்கள்.

"குடிச்சிட்டு ஒழுங்கா வேலை செய்யுதில்ல? உன் வீட்டுக்காரனைச் செய்யச் சொல்லு, பாப்போம்."

இஸ்ஃபாரா ஊரில் எங்கள் தெருவில் ஆப்ரிகாட் மரம் இல்லாத கொல்லை கிடையாது. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அவள் மருந்தடிக்கும் குழுவில் வேலை பார்த்தவள். யார் வீட்டு மரத்துக்கு என்ன வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவுடன் மரத்தைத் தொடமாட்டாள். தரையைப் பார்ப்பாள். கருகிய பூ தரையில் கிடந்தால், "குளிர்தான். போய் டீ போடு" என்பாள். கருகியும் உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது நோய். பூவின் அடியில் பட்டையை நகத்தால் கீறுவாள். உள்ளே பழுப்பாக ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கும். கோடு முடிகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே ரம்பம் வைப்பாள். வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் கேட்கமாட்டாள். வெட்டியதை அன்றே எரிக்கவேண்டும். கிளையில் காய்ந்து சுருங்கித் தொங்கும் பழங்களைக் குளிருக்கு முன் ஒன்றுவிடாமல் பறிக்கவேண்டும். மொட்டு வீங்குவதற்கு முன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலத் தண்ணீர் அடிக்கவேண்டும். செய்யாதவர்களை வீட்டு வாசலில் நின்று திட்டுவாள்.

அவள் கொல்லையில் ஒரே மரம். மகன் இக்ரோம் பிறந்தபோது நட்டது. சதை தேன், கொட்டையை உடைத்தால் பருப்பு வாயில் வைக்க முடியாத கசப்பு. "என் புள்ளைக்கு நேர்மாறு. அவனுக்கு வெளியிலதான் கசப்பு" என்பாள். கணவர் இல்லாத வீடு. இக்ரோம் அதிகம் பேசமாட்டான்.

ஓர் இலையுதிர் காலத்தில் அவன் கட்டட வேலைக்கு ரஷ்யா போனான். வாசலில் ரொட்டியை ஒரு கடி கடித்துக் கொடுத்தான். அவள் அதைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள், அவன் வந்து மீதியைத் தின்பதற்காக. மரத்துக்கும் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஊரைவிட்டுப் போனவனின் மரத்தில் அவன் திரும்பும்வரை இரும்பு படக்கூடாது. அவனே வாயால் 'வெட்டுங்க' என்று சொன்னால் தோஷமில்லை.

அடுத்த வசந்தத்தில் பூ விரிந்த வாரம் முழுக்க மழை. இக்ரோமின் மரத்தில் இரண்டு கிளைகளில் பூ கருகியது, உதிரவில்லை. மற்றக் கிளைகளில் காய்த்தவையும் பழுக்கும்போதே சாம்பல் பூத்து அழுகின. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுச்சுவர் குட்டை. அவள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றதைப் பார்த்தேன். ரம்பத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா, ஊர் மரத்துக்கெல்லாம் இரக்கமே இல்லாம ரம்பம் வைக்கிறே. உன் மரத்துக்குக் கை வரலையா? காத்தடிச்சா எல்லாம் என் மரத்துலதானே வந்து உக்காரும்."

"அவன் இல்ல நூர்மத்."

"போன் இருக்கில்ல? ஒரு வார்த்தை கேளு. வெட்டுன்னு சொல்லட்டும், நானே வந்து வெட்டித் தரேன்."

"என்னன்னு கேக்கச் சொல்றே? உன் மரம் நோயில கிடக்குதுன்னா? பத்தாவது மாடிச் சாரத்துல நிக்கிறவன்கிட்டயா?"

போனவனின் மரம் வாடினால் அவன் உயிருக்கு ஆபத்து என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சாரத்தில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

இரும்பில்லாமல் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். வழிந்த பிசினை மரக்கரண்டியால் சுரண்டினாள். நீலத் தண்ணீர் அடித்தாள். அழுகிய பழங்களைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தாள். கருகிய சிறு கிளைகளைக் கையால் ஒடித்தாள். ஒடித்த இடம் நார்நாராகக் கிழியும். கிழிந்த இடத்தில் நோய் மறுபடி நுழையும். அடுத்தவர் ஒடித்தால் கையில் அடித்துத் தட்டிவிடுகிறவள் அவள்.

போன் பேச அவள் கூரைக்கு ஏறுவாள், அங்கேதான் சிக்னல். தெருவுக்கே கேட்கும்.

"பூத்திருக்குப்பா, வெள்ளை வெளேர்னு. உனக்குக் காயவெச்சு அனுப்பறேன்."

இலையுதிர் காலத்தில் ரஷ்யாவுக்குப் போகிற ஒருவரிடம் அவள் இக்ரோமுக்குப் பார்சல் கொடுத்தனுப்பவேண்டியிருந்தது. முந்தின நாள் அம்மா எங்கள் கூரையில் கொட்டையோடு காயவைத்த பழத்தைத் துணியில் கட்டிச் சுவர்மேல் வைத்தாள். மஸ்தூரா சித்தி எடுத்துப் பார்சலில் வைத்தாள்.

"மரத்துக்குச் சண்டை, பழத்துக்கு உறவா?" என்றார் அப்பா.

"சண்டை உங்களுக்கு. பழம் நான் காயவெச்சது" என்றாள் அம்மா.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் சுவர்மேல் அந்த மூட்டை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் இக்ரோமின் மரத்தில் பூ குறைந்தது. பழுப்புக் கோடு கிளைகளைத் தாண்டித் தண்டுக்கு இறங்கியது. பட்டை வெடித்து, பிசின் கருத்த மணிகளாகத் தொங்கியது.

பிறகு எங்கள் மரத்திலும் கருகிய பூ உதிராமல் நின்றது. அப்பா ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார். வந்தாள். தரையைப் பார்த்தாள். நகத்தால் கீறினாள்.

"பாதி போகணும்."

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கமாட்டேன்" என்றார் அப்பா.

"கேளேன்."

அவள் பாதி மரத்தை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு துடைத்தாள். அன்று துணியை முகரவில்லை.

அதற்கடுத்த வசந்தத்தில் தெரு முழுக்கப் பூத்தபோது இக்ரோமின் மரம் விழிக்கவே இல்லை. பழம் பழுக்கும் மாதத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அவன் வந்து நின்றான். முதலில் ஆணியிலிருந்த ரொட்டியை எடுத்து டீயில் ஊறவைத்துத் தின்றான். பிறகு கொல்லைக்குப் போய்த் தண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் ரம்பத்தைக் கொண்டுவந்தாள்.

"யாரும் தொடல. நீயே வெட்டு."

"சரிம்மா."

காய்ந்த மரம், அதிக நேரம் ஆகவில்லை. விழுந்ததும் அவள் அவன் கையிலிருந்து ரம்பத்தை வாங்கி, பையிலிருந்து சீசாவை எடுத்து, பிடியிலிருந்து நுனிவரை துடைத்தாள். மறுபக்கமும் துடைத்தாள். அடுத்து வெட்ட அந்தக் கொல்லையில் ஒன்றுமில்லை.

அவன் திரும்பிப் போனான். ஆணியில் புதிய ரொட்டி ஏறியது. ரம்பத்தை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். "கண்ணு சரியாத் தெரியல" என்றாள். அதன் பிறகு யார் கூப்பிட்டும் போகவில்லை. வசந்தத்தில் பெண்கள் கருகிய கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வருவார்கள். "குளிர்தான்" என்று பார்க்காமலே சொல்லுவாள். பனிக்காலம் ஒன்றில் நிமோனியாக் காய்ச்சல் வந்து இறந்தாள். இக்ரோம் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ரொட்டி ஆணியிலேயே இருந்தது.

துக்கம் விசாரிக்க அம்மா என்னிடம் டீயும் ஒரு தட்டு உலர்ந்த ஆப்ரிகாட்டும் கொடுத்தனுப்பினாள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை அருகே நானும் இக்ரோமும் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரு பழத்தைத் தின்று, கொட்டையைச் செங்கல்லால் உடைத்து, பருப்பை வாயில் போட்டான். மெதுவாக மென்றான்.

"இதேதான். உங்க வீட்டு மரமா?" என்றான்.

நான் தலையசைத்தேன்.

"முதல் பார்சல்லயே தெரிஞ்சுபோச்சு. ரூம்ல உடைச்சுத் தின்னேன், இனிச்சுது. நம்ம மரத்துப் பருப்பு கசக்குமே. மரத்துக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அப்பவே புரிஞ்சுது. அம்மா அவ்ளோ சந்தோஷமா பேசிட்டிருந்தாங்க. கேட்டா கூசிப்போவாங்கன்னு விட்டுட்டேன்."

அந்த முதல் பார்சல் போனபோது வெட்டவேண்டியிருந்தது இரண்டு கிளைகள்தான்.