கிராணியார் வாசித்த ஏழு வாசல்

மூன்று வருஷம் ஒரு மனிதர் என் கடையில் உட்கார்ந்து, என் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னார். பிடிபட்ட பிறகும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அவர் பெயர் பரமநாதன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது பினாங்கு. கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை பெட்டி இறங்கியது என்று டைப் அடிக்கிற வேலை. ஓர் எழுத்து பிசகினால் கப்பல் துறையிலேயே நிற்கும் என்பார். டத்தோ கிராமாட்டில் இருந்த என் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடைக்கு முதன்முதலில் ஒரு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விசிறியைக் கீழே வைக்கும் முன்பே, பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இடம் மாறி நிற்கிறது என்றார். பதினோரு வருஷமாக யாரும் சொல்லாத சங்கதி. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலமே பெயிண்டரைக் கூப்பிட்டேன். அப்படிப்பட்ட மனிதர் பொய் சொல்வார் என்று யார்தான் நினைப்பார்கள்?

எண்பத்தெட்டில் ஓர் ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துப் போட்டது. நான் அதன் பவர் சப்ளையை மாற்றி உயிர் கொடுத்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கைக்கடிகாரம் விற்கும் பஷீர், யாரிடமோ சொல்லி ஒரு கேம் டிஸ்க் கொண்டு வந்தார். "ஏழு வாசல்" என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நான்கு வீரர்கள், மந்திரவாதி, பூதங்கள், ஏழு கோட்டை வாசல்கள். சண்டையைப் பட்டன் தட்டிப் போட்டுவிடலாம். ஆனால் வழி கேட்க வேண்டும், ஆளோடு பேச வேண்டும், எல்லாம் ஆங்கில எழுத்தாகத் திரையில் வரும். எனக்கும் பஷீருக்கும் அது கொசுக் கூட்டம். பழுது பார்த்த விசிறியைத் திரும்ப வாங்க வந்த கிராணியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "தள்ளும், நான் வாசிக்கிறன்" என்றார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தன் வீடு இருந்த ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வருவார். நான் பட்டன் தட்டுவேன், அவர் தமிழில் சொல்வார். மேல்வீட்டு வடிவம்மாள் பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில் வேலை செய்பவள். துணி காயப் போட வந்தவள் கதை கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான்கு பேர் ஆனோம்.

மூன்றாம் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு வரும். அங்கே ஒரு படகுக்காரி. அவளுடைய மகன் ஏழாம் வாசலுக்கு அப்பால் போனவன், திரும்பவில்லை. போகிற வருகிற வீரர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றி, "என்ர பிள்ளையைக் கண்டனீங்களே?" என்று கேட்பாள். கிராணியார் அதைச் சொல்லும்போது பஷீர் மூக்கை உறிஞ்சுவார், வடிவம்மாள் பகிரங்கமாகவே அழுவாள். திரையில் அப்போது ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதற்குக் கால் மணி நேரம் பேசுவார். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஆங்கிலம் தந்தி மாதிரி, கொஞ்ச எழுத்தில் நிறைய அடைக்கிற பாஷை என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்றில் இரண்டாம் பாகம் வந்தது. பஷீர் டிஸ்க்குகளைப் பெருநாள் பலகாரம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

நான்கு ஞாயிறு விளையாடினோம். ஐந்தாம் ஞாயிறு சண்டை வந்துவிட்டது.

"இது ஏழு வாசலே இல்லைலா," என்றார் பஷீர். "மேல பேரு மட்டும் ஒட்டியிருக்கான். உள்ள வேற சரக்கு."

"டிஸ்க் எங்க வாங்கினீங்க பாய்?" என்றாள் வடிவம்மாள்.

"எங்க வாங்கினா ஒனக்கென்ன?"

"கள்ள டிஸ்க்தானே? பாதி வெலைக்குப் பாதி கதைதான் குடுப்பான்."

"அலாமாக்! மொத பாகம் என்ன, கவர்மெண்டு முத்திரை குத்தி வந்துச்சா? அதுவும் அதே கடைதான்."

"பின்ன அந்தப் படகுக்காரி எப்படி நம்மள மறந்தா? அன்னைக்குக் கஞ்சி ஊத்தினா. இன்னைக்கு, 'பத்துக் காசு, ஏறு'ங்குறா. புள்ளையப் பத்தி ஒரு பேச்சு உண்டா? பெத்தவ மறப்பாளா?"

"எழுதினவன் செத்திருப்பான். வேற எவனோ எழுதியிருக்கான்."

வடிவம்மாள் இரண்டு டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, திரைக்கருகே போய் முதலில் வரும் பெயர்களை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு பாகத்துக்கும் அதே ஆட்கள்தான் என்றாள். பஷீர் விடவில்லை. அடுத்த வாரம் வேறு கடையில் வேறு டிஸ்க் வாங்கி வந்தார். அதிலும் படகுக்காரி பத்துக் காசு கேட்டாள்.

இத்தனை அமளியிலும் கிராணியார் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?" என்றேன்.

"எழுதிக் கிடக்கிறதைத்தானே நான் வாசிக்கலாம், பக்கிரிசாமி."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வாடிக்கைக்காரன் பெட்டியைத் தானே திறந்து நோண்டிவிட்டு, "தன்னால நின்னு போச்சு" என்று சொல்லும்போது குரல் இப்படித்தான் இருக்கும். மறு வாரம் நான் வரிகளை எண்ணினேன். ஆங்கிலம்தான் தெரியாது, எண்ணத் தெரியுமே. திரை நிறைய ஒன்பது வரி எழுத்து. அவர் சொன்னதோ நான்கு வாக்கியம். முதல் பாகத்தில் ஒரு வரிக்குக் கால் மணி நேரம் பேசியவர்! மனிதர் கதையை விழுங்குகிறார் என்று முடிவு கட்டினேன். வேறு எங்காவது, வேறு யாருக்காவது முழுக்கதையும் சொல்கிறாரோ? எங்கள் கூட்டம் சலித்துவிட்டதோ? அவர் பஸ் ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தேன். பஸ் ஆயர் ஈத்தாம் பஸ்தான். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வடிவம்மாளைத் தனியாகப் பிடித்தேன். அந்த வருஷ ஆரம்பத்திலிருந்து அவள் ஃபாக்டரியில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பரீட்சை எழுத வேண்டுமாம். முன்பெல்லாம் பின்னால் உட்கார்ந்து கச்சான் கடலை உரிப்பவள், இப்போது அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கிராணியாருக்கு ஒட்டினாற்போல் முன்னால் உட்கார்கிறாள்.

"அவரு எதையோ மறைக்கிறாரு. நீ பாத்தியா?"

"இல்லண்ணே. நான் கூடவே வாசிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். ஒரு வார்த்த விடல. அது வளவளன்னு எழுதியிருக்கு, அவரு சுருக்கமா சரியா சொல்றாரு."

"அப்ப மொத பாகம்?"

"மொத பாகத்தப்ப எனக்கு ஏ, பி, சி, டியே தகராறுண்ணே."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு கிராணியார் வந்தபோது பழைய டிஸ்க்கைப் போட்டு, வீரர்களை ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தி வைத்திருந்தேன். பஷீருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை.

"வாசிங்க ஐயா," என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். வடிவம்மாளின் விரல் அந்த ஒற்றை வரிக்கடியில் இருந்ததையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"ஆறு கடக்க அஞ்சு காசு. ஏறுறீரோ, இல்லையோ?" என்றார்.

"ம், அப்புறம்?" என்றார் பஷீர்.

"அவ்வளவுதான்."

"கஞ்சி?"

"இல்லை."

"புள்ள?"

"இல்லை, பஷீர்."

"ஐயா," என்றாள் வடிவம்மாள், "அவளுக்காக நான் கோயில்ல வெளக்குப் போட்டேன்யா."

அவர் எதையாவது சொல்லியிருக்கலாம். தப்புத்தான் என்றோ, வேடிக்கைக்குச் செய்தேன் என்றோ. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மூன்று வருஷம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். படிக்காதவன்தானே என்று ஆட்டி வைத்திருக்கிறார்.

"முப்பத்திரண்டு வருஷம் கப்பல்காரனையும் இப்படித்தான் ஏமாத்துனீங்களா? இல்லாத மூட்டைய ஏத்தி, இருந்த மூட்டைய எறக்கி?"

அவர் முகம் சுண்டிப் போனது. எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

அவர் இல்லாமல் வடிவம்மாளே இரண்டாம் பாகத்தை வாசித்தாள். இரண்டு ஞாயிறுதான் ஓடியது.

"அப்ப ரெண்டாம் பாகத்தக் கெடுத்தது யாருலா?" என்றார் பஷீர்.

"நாந்தான் பாய். இங்கிலீசு படிச்சு," என்றாள் அவள்.

பஷீர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பரீட்சை பாஸாகியிருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கீழே வரவில்லை. நானும் கம்ப்யூட்டர் மேல் துணியைப் போர்த்திவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. கிராணியாரின் மனைவி பத்மாவதி அம்மா.

"தம்பி, வீட்டு ரேடியோ பாடுதில்லை. உங்களைத்தான் கூப்பிடச் சொல்லுறார். ஆஸ்பத்திரியிலயிருந்து வந்து நாலு நாள்தான். நெஞ்சு வருத்தம்."

வருத்தம் என்றால் யாழ்ப்பாணப் பேச்சில் நோய். ஆயர் ஈத்தாமில் ரேடியோ பார்க்க ஆளா இல்லை? பாசார்ச் சந்தைக்கு எதிரிலேயே இரண்டு கடை இருக்கிறது. ஏதோ சூது என்று தெரிந்தேதான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனேன். அடுக்குமாடியில் நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனால், மனிதர் சாய்வு நாற்காலியில் பாதியாகிக் கிடந்தார். அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. அந்த வாரம் வியாழக்கிழமை காலையிலேயே உயிர் போய்விட்டது.

நான் அவரோடு பேசாமல் நேராக ரேடியோவைத் திறந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

"பியூஸ் எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அப்ப இதுவும் பொய்தானா?"

"ஓம்," என்று தலையாட்டினார்.

பியூஸைப் போட்டேன். ரேடியோ பாடியது. அவர் சத்தத்தைக் குறைத்தார். இப்போதாவது மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன்.

"கப்பலைப் பற்றி நீர் சொன்னது பிழை, பக்கிரிசாமி. முப்பத்திரண்டு வருஷத்தில ஒரு மூட்டை கூடினதுமில்லை, குறைஞ்சதுமில்லை. அதை வடிவம்மாளிட்டயும் பஷீரிட்டயும் நீர் சொல்ல வேணும்."

"சொல்றேன்," என்றேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப அந்தப் படகுக்காரி யாரு? உங்க அக்காவா, தங்கச்சியா?"

"ஒருத்தருமில்லை. படம் ஞாபகம் இருக்கே? ஆறு இருந்தது, படகு இருந்தது. படகுக்குள்ள ஆளில்லை. காசு கேட்டு எழுத்து மட்டும் வருது. ஆரோ ஒருத்தர் இருந்தால்தானே கேட்கலாம்? அதுதான் ஒருத்தியை இருத்தினன்."

"பின்ன ரெண்டாம் பாகத்துல ஏன் நிறுத்துனீங்க?"

"வடிவம்மாள் பக்கத்தில இருந்தா. எழுத்தில கையை வைச்சுக்கொண்டு." அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பிடிபடுவன் எண்டு பயந்தன். ஆனால் அவ வாசிக்கிறதைப் பாக்க எனக்குச் சந்தோசம்தான், கேட்டீரோ. அதை மாறி விளங்காதேயும்."

மன்னிப்பு வரவில்லை. நான் பையை மூடி எழுந்தேன். பத்மாவதி அம்மா கொடுத்த கோப்பியை நின்றபடியே குடித்தேன். வாசலுக்கு வந்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"வாற ஞாயிறு உம்மட பெட்டியை இங்க கொண்டு வாரும். ரெண்டாம் பாகம். அவையளையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"நாலு மாடிக்கு அதையா? எதுக்கு, மறுபடியும் எங்கள ஏமாத்தவா?"

"முதல்ல வடிவம்மாள் வாசிக்கட்டும், உள்ளது உள்ளபடி. பிறகு நான் சொல்லுறன். ரெண்டையும் கேட்டுப்போட்டு எது நல்லம் எண்டு நீர்தான் சொல்ல வேணும். ஆனால் நான் வருத்தக்காரன் எண்டு பாவம் பாத்து, நீர் எனக்குப் பொய் சொல்லப்படாது."