ஆறாம் மலைச் சீத்தா

"வெள்ளி, காலை 10.20, வெயில். ஆறாம் நம்பர் மலை. மரம் 41: காட்டு மரம்."

பழைய குறிப்புப் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்துதான். நிமிடம் வரை எழுதியவன் வருடத்தை எழுதவில்லை. பத்தொன்பது வயதில் வருடம் மறந்துபோகும் என்று யார் நினைத்தார்கள்?

புத்தகத்தைத் தேட வைத்தது, அமெரிக்காவிலிருந்து தம்பி மகன் அனுப்பிய ஒரு பூவின் படம். மூன்று இதழ், அதற்குள் மூன்று இதழ், கருஞ்சிவப்பு. அங்கத்தைய காட்டுச் சீத்தா. அதைப் பப்பாசியின், அதாவது பப்பாளியின், பெயரால் அழைக்கிறார்களாம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தக் காட்டுச் சீத்தாவின் பேரினத்துக்குள்ளேயே ஆற்றோரத்தில் மரமாக நிற்பதும் உண்டு, மணல்காட்டில் முழங்கால் உயரச் செடியாகப் பூப்பதும் உண்டு. நம் சீத்தாவும் அன்னமுன்னாவும் அதே குடும்பம்.

நாற்பத்தோராம் மரத்தின் பூவும் மூன்று இதழ்தான். வெளிர்பச்சை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் இன்னும் மூன்று.

அப்போது நான் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கர். தோட்டத்தை நடத்திய தொரை மரங்களை எண்ணி எழுதச் சொன்னார். நிழல் மரம், பழ மரம், காட்டு மரம்: என் உலகில் மூன்றே வகை. நாற்பத்தோராம் மரம், கொழுந்தெடுக்கும் செபமாலை அக்கா தான் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு விதை போட்டு வளர்த்தது.

"காய்ச்சிருக்கா அக்கா?"

"இல்லீங்க ஐயா. ஏழு வருசமா பூத்துப் பூத்து ஏமாத்துது. எங்க வீட்டுக்காரரு மாதிரி."

காட்டு மரம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பச்சைப் புள்ளி போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று தேயிலையையும் கொய்யாவையும் தாண்டி வந்து, அந்த மரத்தின் இலையில் முட்டை வைத்தது. சீத்தாக் குடும்பத்தையும் அதன் பங்காளியான சண்பகத்தையும்தான் அது பெரும்பாலும் தேடுமாம். அமெரிக்காவிலும் கோடு போட்ட ஒரு பூச்சி அந்தக் காட்டுச் சீத்தாவைத் தேடித்தான் போகிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. கையில் புத்தகத்தோடு நின்ற எனக்குத் தெரியாத வகைப்பாடு அதற்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காட்டு மரங்களையெல்லாம் வெட்டினார்கள். பட்டியல் எதற்கென்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது. பூச்சிகள் பல நாள் வெறும் கட்டையைச் சுற்றின.

போன கிழமை அந்தப் படத்தோடு ராகலைக்குப் போனேன். செபமாலை அக்கா அங்கே மகளோடு இருக்கிறார். பழைய லயமும் இப்போது இல்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க கேட்ட அன்னைக்கு மரத்துல ஒரு பிஞ்சு இருந்துச்சுங்க ஐயா. மொதப் பிஞ்ச வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு பொய் சொன்னேன். சீலைத் துணியச் சுத்தி மறைச்சு வச்சிருந்தேன்."

"சொல்லியிருந்தா பழ மரம்னு எழுதியிருப்பேனே அக்கா. வெட்டியிருக்க மாட்டாங்க."

"நீங்க மட்டும் வெட்டத்தான் எழுதுறேன்னு சொன்னீங்களாக்கும்."

துணிக்குள் இருந்தது சீத்தாக் குடும்பத்தில் எந்த இனத்துப் பிஞ்சு, அது பழுத்திருக்குமா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.