கீழே இறக்கிய வேலை

தெரிந்தே செய்தேன். பிறகு ‘தெரியாது’ என்று சொன்னேன். ஒரு மனிதரின் கண் போனது; பழி அவருடைய மகள்மேல் விழுந்தது. இரண்டுக்கும் காரணம் நான்தான்.

இதை வாசித்து என்மேல் இரக்கப்படலாம் என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து வேறு வேலையைப் பாருங்கள். உங்கள் இரக்கத்தை வைத்து நான் என்ன செய்வது?

ஊர்காவற்றுறையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் ‘ப்ரொடக்ட் ஓனர்’. பெயரைப் பாருங்கள்! கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஒட்டிய வண்ணக் காகிதங்கள்... அவற்றுக்கு ஓர் உரிமையாளன்! கொழும்பில் ஒரு குறுகிய வகுப்பு முடித்து, சான்றிதழோடு வந்த நாளிலிருந்து நான் மனிதர் பேசும் தமிழை விட்டுவிட்டேன். எது முதல், எது பிறகு என்று நான் தீர்மானிக்கும் வேலை வரிசை ‘பாக்லொக்’ ஆயிற்று. இரண்டு கிழமை வேலைக்காலம் ‘ஸ்பிரின்ற்’ ஆயிற்று. காலையில் எல்லோரையும் கதிரையை விட்டு எழுப்பி, நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். வாத்தியார் பிள்ளைகளை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

நாங்கள் செய்தது ஒரு செயலி. நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணப் பக்கத்துத் துறையான குறிகட்டுவானுக்கும் இடையே இன்று படகு ஓடுமா ஓடாதா என்று அது சொல்லும். அதை எழுதியவள் ஜெனிற்றா, நெடுந்தீவுப் பெண். ஒரு திட்டமிடல் கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போனபின் அவள் சொன்னாள்:

“அண்ணை, எங்கடை பக்கம் சிக்னல் வாறதும் போறதும். சிக்னல் இல்லாட்டி அப் கடைசியாப் பாத்ததையே திருப்பிக் காட்டுது. படகை நிப்பாட்டினாலும் ‘படகு உண்டு’ எண்டுதான் நிக்கும். அந்த நேரம் ‘தெரியாது’ எண்டு காட்ட வைக்க வேணும்.”

நான் சிரித்தேன்.

“‘தெரியாது’ எண்டு சொல்லுறதுக்கு ஒரு அப் வேணுமோ? முதலாளிக்கு இதை எப்பிடிக் காட்டுறது?”

எங்கள் ஆட்களை நீங்கள் அறியாதவரா? யாராவது வழி கேட்டால், போயே இராத ஊருக்கும் கையைக் காட்டி அனுப்பிவிடுவோம். ‘தெரியாது’ என்று சொன்னால் படித்தவன் மானம் கப்பலேறிவிடும் அல்லவா! அந்த நோயை நான் ஒரு செயலிக்கும் தொற்ற வைத்தேன்.

அந்த வேலையை வரிசையில் கீழே இறக்கினேன். அடுத்த ஸ்பிரின்றிலும் அவள் கேட்டாள், அப்போதும் இறக்கினேன். அதற்குப் பதிலாக எதை மேலே ஏற்றினேன் தெரியுமா? திரையில் ஒரு படகுப் படம் ஆடி ஆடிப் போக வேண்டும் என்பதை! லண்டனில் இருக்கும் முதலாளி அதைப் பார்த்துக் கைதட்டினார். ‘தீவுச் சனம் நம்பிப் பயணம் போக வேண்டும்’ என்பது அந்த ஸ்பிரின்றின் இலக்கு. அதைப் பலகையில் எழுதியதும் நானே. ஸ்பிரின்ற் முடிவில் சனத்தின் கையில் கொடுக்கக்கூடிய துண்டை ‘இன்கிரிமென்ற்’ என்போம். நான் கொடுத்த துண்டு, ஆடுகிற படகு.

நெடுந்தீவு இறங்குதுறையில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் கைபேசியில் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். ஜெனிற்றாவின் தகப்பன் அந்தோனிப்பிள்ளைக்கும்தான். கடற்றொழில் செய்கிறவர், ஒரு கண் ஏற்கெனவே மங்கல்.

“உங்கடை மகள் செய்தது, ஐயா. கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கோ,” என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சோளகக் காற்று பலத்திருந்த ஒரு கிழமையில், வலையில் கிடந்த கம்பி அவருடைய நல்ல கண்ணில் குத்திவிட்டது. தீவு ஆஸ்பத்திரியில் அன்றே யாழ்ப்பாணம் போகச் சொன்னார்கள். காலைப் படகு துறையில் நின்றது. அவரோ முதலில் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனார். வீட்டில் சிக்னல் இல்லை. மகளின் செயலி பழைய தகவலையே திருப்பிக் காட்டி ‘பின்னேரப் படகு உண்டு’ என்றது; அதை நம்பிக் காலைப் படகை விட்டுவிட்டார். துறைக்குத் திரும்பியபோது கடல் கொந்தளித்துப் படகை நிறுத்தியிருந்தார்கள். மறுநாளும் படகில்லை... அதற்கடுத்த நாளும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வைத்தியர் பார்த்தபோது பிந்திவிட்டது.

ஸ்பிரின்ற் முடிவில், நடந்த பிழைகளை மனம் திறந்து பேசுவதற்கென்றே எங்களிடம் ஒரு கூட்டம் உண்டு. மனம் திறந்து! முதலாளி திரையில் தோன்றிக் கேட்டார்:

“இந்தப் பிழை முன்னமே ஆருக்கும் தெரியுமோ?”

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது,” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது!

“அப்ப எழுதின ஆள் கவனிச்சிருக்க வேணும்,” என்றார் முதலாளி.

அவள் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? தகப்பனுக்கு இனிக் கடலுக்குப் போக இயலாது. வீட்டில் மிஞ்சியது அவளுடைய சம்பளம் மட்டும். என்னோடு மோதி வேலையை இழக்க அவளால் முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்த தைரியத்தில்தான் பொய் சொன்னேன். என்னைவிடக் கேவலமான ஒருவனை நீங்கள் சந்தித்திருக்கலாம், நான் சந்தித்ததில்லை.

‘தெரியாது’ என்று காட்டும் அந்த வேலையை வரிசையின் உச்சிக்கு ஏற்றினேன். அவள் ஒரு பின்னேரத்துக்குள் அதைச் செய்து முடித்தாள்.

புதிய பதிப்போடு நெடுந்தீவு போனேன். அந்தோனிப்பிள்ளை முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். குரலை வைத்து என்னை அறிந்துகொண்டார்.

“பிள்ளை வேலை செய்யிற கந்தோர்த் தம்பியோ? இரும், இரும். உம்மட்டை ஒண்டு கேக்க வேணும்.”

எல்லாவற்றையும் மகள் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தேன். சொல்லியிருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் விரும்பினேன்...

“‘என்ரை பிழைதான் அப்பா’ எண்டு பிள்ளை ஒரே அழுகை. சின்னப் பிள்ளை, தெரியாமச் செய்துபோட்டாள். அவளை வேலையாலை நிப்பாட்டிப் போடாதையும், தம்பி. எனக்காக அவளை ஒருக்கா மன்னிச்சுக்கொள்ளும்.”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

“ஓம் ஐயா,” என்றேன். “மன்னிச்சிட்டன்.”

அவர் காற்றில் தடவி என் கையைத் தேடினார். கொடுத்தேன். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.