தொட்டிலில் தொங்கும் ஷிப்ட் சிலேட்டு

மூன்று பேரிடம், ஒரே காலையில், ஒரே பொய்யை நான் ஏன் சொன்னேன்?

ஒரு வாரமாக யோசிக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைக்குப் பரிசு வாங்கியவள் நான். வேறு எதற்கும் வாங்கவில்லை என்பது தனி விஷயம்.

என் மகன் சாமுவுக்குப் பத்து மாதம். போன செவ்வாய்க்கிழமையோடு அவன் வெளிக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது. வயிறு மத்தளம் மாதிரி. கவலைப்பட ஆரம்பித்தேன். (அவன் தும்மினாலே நான் கவலைப்படுகிறவள் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.)

விடிந்ததும் மருத்துவச்சி கங்கம்மாவுக்கு ஆள் விட்டேன். அவள் வருவதற்குள் சுரங்க ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளைப் பார்த்துப் போகும் நர்ஸ் எஸ்தர் அக்கா வந்துவிட்டார். சாமுவின் வாயில் ஒரு ஸ்பூன் மருந்தை ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கேட்டார்:

"வேற யாரையும் கூப்பிடலியே?"

"இல்லீங்க அக்கா."

எட்டு மணிக்குக் கங்கம்மா. பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து லைன் ஓரம் குடியிருக்கிறவள். வெற்றிலையை அனலில் காட்டி வயிற்றில் போட்டாள். பாலாடையில் ஏதோ புகட்டினாள். "இன்னா பொண்ணே, அந்த ஆஸ்பத்திரிக்காரங்க யாரும் கை வெக்கலியே?"

"இல்லை ஆயா."

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் அருளப்பன் அண்ணன், வேலைக்குப் போகிற வழியில் ஒரு பாட்டில் மிக்சர் கொடுத்தார். "தங்கச்சி, இது ஒண்ணுதான். வேற எதுவும் குடுக்கலியே?"

இல்லை என்று தலையாட்டினேன். இந்தத் தடவை வாய் வரவில்லை.

ஒருவரிடம் காட்டியதை இன்னொருவரிடம் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்! மூன்று பேரும் வேண்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடமாட்டாரா?

பிடித்தார்கள். பதினோரு மணிக்குப் பேதி ஆரம்பித்தது. நாலு துணி, ஆறு துணி, கடைசியில் என் கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துணி. இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தபோது கொடி முழுக்கத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னாடி, கூழ் ஊத்தற திருவிழாவா? தோரணம் கட்டிக் கீறே?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சாமு அழக்கூட இல்லை. கண் உள்ளே போயிருந்தது. பால் கொடுத்தால் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவருக்குச் சுரங்கத்தில் சிலேட்டு எழுதுகிற வேலை. மேலே வருகிற மேஸ்திரி, எந்த லெவலில், அதாவது எந்த ஆழத்தில், எத்தனை வெடிக்குழி போட்டோம், எது வெடித்தது, எது வெடிக்காமல் கிடக்கிறது என்று சொல்லச் சொல்ல இவர் எழுதுவார். அதைப் படிக்காமல் அடுத்த ஷிப்ட் ஆள் ஒருவரும் கீழே இறங்குகிற கேஜ் கூண்டில் கால் வைக்கமாட்டார்.

"முன்ஷிப்ட்டு இன்னா பண்ணுச்சுன்னு பின்ஷிப்ட்டுக்குச் சொல்லாம மூணு பேரைக் குழந்தை வயித்துல இறக்கிக் கீறியே!" என்றார்.

ஓடிப்போய் மூன்று பேரையும் கூட்டிவந்தார். வீட்டில் இருந்த சிலேட்டைத் தொட்டில் கயிற்றில் கட்டினார். பல்பத்தைக் கையில் எடுத்தார்.

"காத்தால ஏழு மணி. நர்ஸக்கா, இன்னா குடுத்தீங்க?"

"விளக்கெண்ணெய்."

"எட்டு மணி. கங்கம்மா?"

"விளக்கெண்ணெதான்."

"ஒம்பது?"

கம்பவுண்டர் அண்ணன் கூரையைப் பார்த்தார். "அந்த மிக்சர்ல... பாதி விளக்கெண்ணெய்."

மூன்று பேரும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள். நான் துணிக்கொடியைப் பார்த்தேன்.

"அய்யோ தேவுடா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பொண்ணே," என்றாள் கங்கம்மா.

"உன்னையும் கூப்பிட்டிருக்கான்னு தெரிஞ்சிருந்தா நான் மருந்து குடுத்திருப்பேனா?" என்றார் எஸ்தர் அக்கா. கங்கம்மாவிடம்தான் சொன்னார். அவ்வளவு நேர்மையான பேச்சை எங்கள் லைனில் நான் அதுவரை கேட்டதில்லை.

மருந்தெல்லாம் நின்றது. எஸ்தர் அக்கா தண்ணீர் கொதிக்கவைத்துக் கஞ்சி வடித்தார். கம்பவுண்டர் அண்ணன் உப்பை அளந்து போட்டார், தராசில் தங்கம் நிறுக்கிற முகத்தோடு. யார் புகட்டியும் வாய் திறக்காத சாமு, கங்கம்மா கன்னத்தைத் தடவியதும் திறந்தான். சொட்டுச் சொட்டாக, பாலாடையில். ஒவ்வொரு பாலாடைக்கும் சிலேட்டில் ஒரு கோடு. எழுதத் தெரியாத கங்கம்மாதான் கோடு போட்டாள். நேராகப் போடுகிறோமா என்று வேறு கவலை அவளுக்கு.

பதினேழு கோடு. ஒன்றும் நடக்கவில்லை. நான் ஜெபம் செய்தேன். நடுவில் வார்த்தை மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் எஸ்தர் அக்காவின் வெள்ளைக் கவுன் மடியில் சாமு மூத்திரம் பெய்தான்.

மூன்று பேரும் கைதட்டினார்கள்! "உள்ள போன தண்ணி தங்கிடுச்சு!" என்று கம்பவுண்டர் அண்ணன் கத்தினார். 'மூத்திரம்' என்று பெரிய எழுத்தில் சிலேட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். சாமு பயந்துபோய் அழுதான். நல்ல சத்தமான அழுகை. நானும் சேர்ந்து அழுதேன். பிறகு பால் குடித்தான்.

தனித்தனியாக மூன்று கெட்டிக்காரர்களும் பொய் சொன்ன நானுமாகப் பிள்ளையைக் காலி செய்யப் பார்த்தோம். ஒரு சிலேட்டு அவர்களைச் சேர்த்துவைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒவ்வொன்றிலும் இப்படி ஒன்று தொங்கினால் என்ன?

தொங்கலாம். ஆனால், ஒரு சிக்கல் இருக்கிறது. சாமு குணமாகி ஒரு வாரமாகிறது. மூன்று பேரும் இன்னமும் வருகிறார்கள். காலை, மத்தியானம், சாயந்திரம். "ஏழு மணி: சிரித்தான்." "பத்து: பல் ஒன்று தெரிகிறது." அந்தப் பல்லை முதலில் பார்த்தது யார் என்று அரை மணி நேரச் சண்டை. நேற்று என்னைப் பற்றியே எழுதிவிட்டார்கள்: "தாய்: மெலிவு. தினம் இரண்டு முட்டை." என் வீட்டுக்காரர் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இனி வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், நாளைக்கு நிஜமாகவே வேண்டும்போது வருவார்களா? மூன்று பேர் மனமும் நோகாமல், மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள்... வீட்டில் காப்பித்தூள் தீரப்போகிறது.