மாமாவின் வெல்ஷ் சொல்

கெல்சென்கிர்ச்சனில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, ஜெர்மன் மொழியில் இல்லாத ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து, அதன் பொருளையும் பிறப்பையும் வகுப்பில் விளக்கவேண்டும் என்றார் ஆசிரியை. அந்த வாரம் பார்த்து அம்மாவின் அண்ணன் வேல்ஸிலிருந்து தனியாக வந்திருந்தார். எதைக் கேட்டாலும் மாமாவிடம் விடை இருக்கும். அந்த விடை எப்படியும் தமிழில் போய்த்தான் முடியும்.

“‘குட்ச்’ எண்டு சொல்லு. வேல்ஸ் ஆக்கள் பாவிக்கிற சொல். மாடிப்படிக்குக் கீழை சாமான் வைக்கிற மூலையும் குட்ச்தான், ஒராளைக் கட்டிப்பிடிச்சு வச்சிருக்கிறதும் குட்ச்தான்.”

எனக்குப் பிடித்துவிட்டது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“எங்கட குச்சு இருக்கெல்லோ, சின்னக் குடிசை, அதுதான் அங்கை போய் குட்ச் ஆனது.”

அகராதியைப் பார்த்தேன். படுப்பதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து வேல்ஸுக்கு வந்தது என்றிருந்தது. காட்டினேன். “அதை எழுதினவனுக்குத் தமிழ் தெரியாது” என்றார். அடுத்த மூன்று நாளும் சாப்பாட்டு மேசையில் இதே வழக்கு. அப்பா தட்டோடு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

“அண்ணை, பிள்ளையை விடுங்கோ, மார்க் குறைஞ்சிடும்” என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார்.

விளக்கவேண்டிய நாளன்று, வரைந்து வைத்திருந்த படத்தை வீட்டில் மறந்துவிட்டேன். கொண்டுவந்து தந்தவர் மாமா. ஆசிரியை மரியாதைக்கு அவரைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் நான் ‘பிரெஞ்சு’ என்றது மட்டும் விளங்கிவிட்டது. கையை உயர்த்தினார், எழுந்தார், ஆங்கிலத்தில் குச்சு புராணத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கென்று தந்த நேரம் முழுவதும் அவரோடு போனது.

அடுத்த நாள் ரயில் நிலையத்தில் மாமா என்னைப் பார்த்துக் கைகளை விரித்தார். கோபத்தில் நான், முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பதுபோல, வலது கையை மட்டும் நீட்டினேன். அதைக் குலுக்கிவிட்டு, “ஓம், இதுவும் போதும்” என்று ரயிலேறினார்.

ரயில் போனதும் அம்மா அழுதார். அண்ணன் போகிறாரே என்று அழுவதாக நினைத்தேன். மாமி அவரைப் பிரிந்து, என் வயதுள்ள தன் மகளான மச்சாளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் ஒரு மாதமே ஆகியிருந்தது என்பதையும், அந்தச் சொல்லை அவருக்குப் பழக்கியது மச்சாள்தான் என்பதையும் வளர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் மார்க்கைப் பற்றியே முறைப்பட்டுக்கொண்டு வந்தேன்.