பள்ளத்துக்குடிசையிலிருந்து போன கடிதங்கள்

நான் கல்யாணமாகி அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனபோது அங்கே பதினோரு குடிசைகள் இருந்தன. சித்தேரி மலைக்குக் கீழே, இரண்டு கரட்டுக் குன்றுகள் நெருங்கி வரும் இடத்தில், ஓடையை ஒட்டி. காலையில் தரையில் வெயில் விழப் பத்து மணியாகும். மூன்று மணிக்கெல்லாம் மேற்குக் கரடு அதை மறைத்துவிடும். என் வீட்டுக்காரர் காட்டிலாகாவில் வாச்சர். நான் அரூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரி. ஐந்தாவது வரை படித்திருந்தேன். அந்த இடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பள்ளத்துக்குடிசை என்று அதற்குப் பெயர். காட்டுத்தீ பரவாமல் மரஞ்செடி வெட்டி இடைவெளி விடுவதற்கும், வண்டிப்பாதை போடுவதற்கும் ஆள் வேண்டியிருந்தது. அதற்காக முப்பதுகளின் தொடக்கத்தில் மலைமேலிருந்து சில குடும்பங்களைக் கீழே கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஒரே நிபந்தனை, கல் வைத்துச் சுவர் எழுப்பக் கூடாது. கல் விழுந்தால் அது ஊராகிவிடும், பிறகு இடம் எங்களுடையது என்பார்கள் என்று ஆபீசில் பயம். அதனால் மரக்கால் நட்டு, மூங்கில் பிளாச்சு கட்டி, மண் பூசி, புல் வேய்ந்து வாழ்ந்தார்கள். ஒரு குடிசைக்குப் புல் மாற்றினால் மற்றப் பத்துக் குடிசைக்காரர்களும் ஆளுக்கொரு கட்டுப் புல் தூக்கி வருவார்கள். தேன் எடுத்தால் பதினோரு பங்கு. நான் போன பிறகு வாச்சர் வீட்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு.

ஆனால் அந்த இடம் யாருக்கும் பிடிக்கவில்லை. பதினோரு குடிசைக்கும் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: "பள்ளத்துல தண்ணி நிக்கும், மனுசன் நிக்கமாட்டான்."

என் குடிசைக்கு அடுத்த குடிசையில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். குழந்தை இல்லை. எனக்குச் சாமை குத்தவும், சீகைக்காய் பொறுக்கவும், அட்டையை உப்பு வைத்து எடுக்கவும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முதலில் 'வாச்சரம்மா' என்று கூப்பிட்டாள். பிறகு வெறும் 'புள்ள' ஆகிவிட்டேன். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவள் இல்லாவிட்டால் அந்த நிழலில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

யுத்தம் வந்தது. அரூர்ச் சந்தைக்குக் கடுக்காய் கொண்டுபோன அவள் புருஷன், அங்கே நின்ற பட்டாளத்து லாரியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். "ரோடு போடற வேலதான்னு சொல்றாங்க. இங்க போடறத அங்க போட்டுட்டு வரேன்" என்றார். அக்கா அழவில்லை. களி கிண்டி உருட்டி, துணியில் கட்டிக் கொடுத்தாள்.

அவருக்கும் எழுதத் தெரியாது. அங்கே யாரோ எழுதிக் கொடுத்த கடிதங்கள் வந்தன. எங்கே இருக்கிறார் என்று எழுதக் கூடாதாம். சந்தைக்குப் போகிறவர்கள் கடிதத்தைக் கொண்டுவந்தால், வேலை முடிந்து எல்லாரும் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பள்ளத்துக்குடிசைக்கு வந்த முதல் கடிதங்கள் அவை. எனவே அவை எல்லாருடையவையாகவும் இருந்தன. நான் படிப்பேன். ஒரு தரம் படித்தால் போதாது, இரண்டாம் தரமும் படிக்கச் சொல்வார்கள்.

பதில் சொல்ல அக்காவுக்கு வராது. "எரும மடி வத்திப்போச்சு. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. சாம பரவால்ல. அவ்ளோதான்" என்பாள்.

"வேற ஏதும் சொல்லணுமா அக்கா?"

"வேற என்னாத்த சொல்றது புள்ள? அதெல்லாம் எழுதுனா போவுமா?" என்று சிரிப்பாள்.

நான் அவள் சொன்னதை மட்டும் எழுதுவேன்.

அவர் போன மூன்றாம் வருஷம் மழை விட்டதும் குளிர்காய்ச்சல் வந்தது. வருஷாவருஷம் வருவதுதான். அந்த வருஷம் போகவில்லை. யுத்தத்தால் கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை. மருந்து கேட்டு நான் எழுதிய மனுவை என் வீட்டுக்காரர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். பதில் வரவில்லை. முதலில் இரண்டு குழந்தைகள் செத்தன. பிறகு தேன் எடுப்பவர். அவருக்கு முன்னால் அவர் தாய். குழி வெட்டத் தெம்புள்ள ஆண்கள் நாலு பேர்தான் இருந்தார்கள்.

அக்கா படுத்திருந்தபடியே ஒரு கடிதம் சொன்னாள். ஆட்டைப் பற்றி இரண்டு வரி, மழையைப் பற்றி ஒரு வரி. பிறகு உடம்பு தூக்கிப் போட்டது. "நீயே முடிச்சுடு புள்ள" என்றாள். மிச்சத்தை நானே எழுதி, நலம் என்று முடித்து அனுப்பினேன். ஆறாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். கால் எலும்பு முறிந்திருக்கிறதாம். 'உன் கடுதாசி வந்தால் எனக்கு அன்று மருந்து வேண்டாம்' என்று எழுதியிருந்தது. படித்து முடித்துவிட்டு நான் தலை நிமிரவில்லை. எல்லாரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள்.

"இப்ப சொல்லவேண்டாங்க. கால் கூடட்டும். அதுவரைக்கும் அவ சொல்றமாதிரியே எழுதிப்போடுங்க வாச்சரம்மா."

அவர் நினைத்தது ஒன்றிரண்டு கடிதம். நான் எழுதியது எட்டு.

முதல் கடிதத்துக்கு எல்லாரும் வந்து ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். "அவரு கால் கூடியிருக்குமில்ல" என்று ஊர்க்கவுண்டர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "அடுத்த தபால்ல சொல்லிடறேங்க" என்றேன். சொல்லவில்லை. அவருக்காகப் பரிதாபப்பட்டுத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. அக்கா சொல்லாததையெல்லாம் நான் எழுதினேன். ஓடையில் தனியாகத் துணி துவைக்கும்போது என்ன நினைப்பு வருகிறது, விடிகாலையில் பக்கத்து இடம் காலியாக இருப்பது எப்படி இருக்கிறது. என் வாழ்நாளில் நான் யாரிடமும் சொல்லாதவை. அவற்றைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்திருந்தார்.

அந்தக் கோடையில் பள்ளத்தை விட்டுப் போவதென்று முடிவானது. ஆபீசில் உத்தரவு கேட்கவில்லை. மேலே, காற்றடிக்கும் முகட்டுக்கு. கல் வைக்காத வீடானதால் அது சுலபமாக இருந்தது. மரக்கால்களைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆளில்லாமல் போன குடிசைகளின் மரத்தையும் உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்காவின் குடிசையை மட்டும் யாரும் தொடவில்லை. அது அவர் வந்து பிரிக்க வேண்டிய வீடு என்றார்கள். நாங்களும் முகட்டுக்கே போனோம். குடி மாறியதை நான் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பாரே.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் கழித்து, மத்தியானத்தில், நொண்டிக்கொண்டே ஒருவர் முகட்டுப் பாதையில் ஏறி வந்தார். அக்காவின் புருஷன்தான். நான் குடிசைக்குள் போய்விட்டேன். அவர் பள்ளத்தில் இறங்கித்தான் வந்திருந்தார். எங்கும் மரக்கால் பிடுங்கிய குழிகள், நடுவில் அவர் வீடு மட்டும் நிற்கிறது. படலைத் தள்ளிப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே முழங்கால் உயரத்துக்குச் செடி முளைத்திருந்ததாம். இதையெல்லாம் அவர் ஊர்க்கவுண்டரிடம் சொன்னபோது நான் குடிசைக்குள் இருந்து கேட்டேன். என்ன நடந்தது என்று ஊர்க்கவுண்டர் அவருக்குச் சொன்னார். கடிதத்தைப் பற்றியும் சொன்னார். தான்தான் எழுதச் சொன்னதாகவும் சொன்னார்.

அக்காவின் புருஷன் சத்தம் போடவில்லை. மறுநாள் காலை என் வாசலில் வந்து உட்கார்ந்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். எல்லாக் கடிதங்களும் இருந்தன.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க வாச்சரம்மா. அவ சொன்னது எது, நீங்க எழுதுனது எதுன்னு பிரிச்சுக் குடுங்க."

பிரித்தேன். அக்காவுடையவை மெலிந்த தாள்கள், பாதித் தாளுக்கு மேல் போகாது. என்னுடையவை இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன. ஒன்று மட்டும் கையில் நின்றது.

"இது?"

"பாதி அவங்க சொன்னாங்கண்ணா. மீதி…"

"எதுவரைக்கும்?"

மழையைப் பற்றிய வரியை விரலால் காட்டினேன். அந்த வரிக்குக் கீழே நகத்தால் கோடு இழுத்து, மடித்து, கிழித்தார். மேல் துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். கீழ்த்துண்டையும் என் எட்டுக் கடிதங்களையும் என் முன்னால் வைத்தார்.

"அவ இப்டியெல்லாம் பேசமாட்டாளேன்னு அங்க படிச்சுக் காட்டும்போதே நெனச்சேங்க. தூரமா இருக்கறதால மனசு திறந்துட்டாளாட்டம் இருக்குதுன்னு சந்தோசப்பட்டேன்." பெட்டியை மூடினார். "இத நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வந்ததில்ல இது."

அவரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் பள்ளத்தில் இறங்கி அந்த ஒற்றைக் குடிசையில் ஒரு மழைக்காலம் முழுவதும் தனியாக இருந்தார். ஊர்க்கவுண்டர் போய்க் கூப்பிட்டும் மேலே வரவில்லை. பிறகு ஒருநாள் குடிசையைத் தானே பிரித்து, மரத்தை அடுக்கி எரித்துவிட்டு, கன்னட தேசத்துக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சந்தையில் சொன்னார்கள். திரும்பவில்லை.

முகட்டில் நாங்கள் மேலும் சில வருஷம் இருந்தோம். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. புல் மாற்றும்போது எங்கள் வீட்டுக்கும் ஆளுக்கொரு கட்டுத் தூக்கி வந்தார்கள், தேனில் பங்கு வந்தது. ஆனால் அவர்கள் பிள்ளைகள் தோட்ட வேலைக்குப் போய் அங்கிருந்து கடிதம் வரத் தொடங்கியபோது, அதைப் படிக்க யாரும் என் வாசலுக்கு வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கி, அரை நாள் நடந்து, அடிவாரத்துக் கடைக்காரரிடம் படிக்கக் கொடுத்தார்கள்.